சனிக்கிழமை மதியம் பாடுகிறவள்

மஞ்சக்குப்பம், கடலூர்
2.8.2010

அன்பு மகள் மாலதிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பத்தொன்பது நாட்களாக உன் போன் அடித்து அடித்து நின்றுவிடுகிறது. நேற்று அதுவும் இல்லை. யாரோ ஒரு ஜப்பான்காரப் பெண்ணின் குரல் பதிவு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அது என்ன சொன்னது என்று தெரியாமல் அம்மாவும் நானும் ரிசீவரை மாற்றி மாற்றிக் காதில் வைத்துப் பார்த்தோம். அதனால்தான் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

பங்குனி மாதம் நீ போன் செய்த அன்று பேசியதை நான் மறக்கவில்லை. செம்பியன் வீட்டை விட்டுப் போய்விட்டான், வேறொரு பெண்ணோடு இருக்கிறான், விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான் என்றாய். ஊருக்கு வரட்டுமாப்பா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும். "தங்கச்சி கல்யாணம் ஆவணியில இருக்குதும்மா. இப்ப நீ தனியா வந்து நின்னா கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அது முடியற வரைக்கும் பொறுத்துக்கோ" என்றேன். நீ சரிப்பா என்றாய். போனை வைத்துவிட்டாய். பெண் புரிந்துகொண்டாள் என்று அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, மாலதிக்கும் வேலை ஜாஸ்தி, இரண்டு பேராலும் கல்யாணத்துக்கு வர முடியாது என்று தங்கச்சி கனிமொழியைப் பெண் கேட்ட வீட்டாரிடம் சொல்லி வைத்தேன். அம்மாவிடமும் கனிமொழியிடமும் அதையேதான் சொன்னேன்.

போன மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உன் பள்ளித் தோழி பிரிசில்லா வீட்டுக்கு வந்தாள். சர்ச்சிலிருந்து நேராக வந்தவள் உட்காரக்கூட இல்லை. நீ அவளுக்கு அனுப்பிய மெயில்களையெல்லாம் காகிதத்தில் அச்செடுத்து வந்திருந்தாள். என்னை வாசலுக்கு அழைத்துக் கையில் கொடுத்தாள். "நீங்க படிங்க அங்கிள், நான் நிக்கறேன்" என்றாள். அவள்மேல் கோபப்படாதே. பயந்துபோய்த்தான் கொண்டுவந்தாள்.

படித்தேன் அம்மா. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நீ போகிற அந்தக் கரோகே கடை, மெஷின் போடுகிற இசைக்கு நாமே பாடுகிற இடமாம், கட்டில் அகலத்துக்கு ஓர் அறை, ஒரு டிவி, ஒரு மைக். உன் ஆபீசில் வேலை செய்யும் சைத்தோ என்ற அம்மாள்தான் முதல் நாள் கூட்டிப் போனதாக எழுதியிருந்தாய். அந்த அம்மாளும் கணவர் விட்டுப் போனவர். பிரிவுப் பாட்டுகளை எந்த வரிசையில் பாட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாராமே. முதலில் கத்திப் பாடுகிற பாட்டு. இல்லாவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடுத்தது வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும் பெண்ணின் பாட்டு. மெதுவான பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒருத்தி இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, மறுநாள் காலை அதைத் தானே சாப்பிடுகிறாள். அந்தப் பாட்டை நீ அழுதுகொண்டே பாடினாய், மெஷின் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டது, என் வாழ்க்கையில் நான் வாங்கிய நல்ல மார்க் இதுதான்டி என்று பிரிசில்லாவுக்கு எழுதியிருந்தாய்.

நான் படித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு அவள் சொன்னாள்: "அழுவறதுக்கு அவ ஒரு ரூம வாடகைக்கு எடுத்துக்கறா அங்கிள். இவ்ளோ பெரிய வீட்ட வச்சிக்கிட்டு நீங்க வராதன்னு சொல்லிட்டீங்க." கடைசி மெயிலைத் தனியாக எடுத்துக் காட்டினாள். அதில் ஒரே வரி. இந்த வாரம் பாடவும் போகவில்லை, வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை என்று இருந்தது. அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறேன்ப்பா என்று வைத்துவிட்டாய். இரண்டு நாள் கழித்து நீ எடுப்பதையே நிறுத்திவிட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமை சிதம்பரம் போனேன். செம்பியனின் அப்பா கோவிந்தசாமி எனக்கு நாற்காலி போட்டார், காபி கொடுக்கச் சொன்னார். கூடத்தில் மாட்டியிருந்த உங்கள் கல்யாணப் போட்டோ இல்லை. பையனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "எங்க பக்கம் தப்பில்லன்னு சொல்லல சம்பந்தி. உங்க பொண்ணும் வேல வேலன்னு இல்லாம கொஞ்சம் குடும்பத்தப் பாத்திருக்கலாம்" என்றார். அதற்கும் நான் தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

உன் மாமியார் இருசம்மாள் கேட் வரைக்கும் வந்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்தப் பொண்ணு விஷயம் கல்யாணத்துக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். கட்டி வச்சா சரியாப் போயிடும்னு நெனச்சிட்டோம். மாலதி மேல ஒரு கொறையும் இல்ல. நான் சொன்னன்னு சொல்லாதீங்க" என்றார். நான் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? உன் மேல் ஒரு குறையும் இல்லை. இந்த வரியைப் பத்து தடவை படி.

கடலூர் வந்ததும் நான் வீட்டுக்கு வரவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, கனிமொழிக்குப் பேசியிருந்த பையனின் அப்பா பொன்னுரங்கத்தின் கடைக்குப் போனேன். என் மூத்த பெண்ணை அவள் புருஷன் விட்டுவிட்டான், உங்களிடம் சொன்னது பொய், அவள் இந்தக் கல்யாணத்துக்கு வருவாள், முன்வரிசையில் இருப்பாள் என்று சொன்னேன். நாலு பேர் சாமான் வாங்க நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும். பொன்னுரங்கம் நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் நாள், ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டியதில் பொருத்தம் சரியில்லையாம் என்று ஆள் அனுப்பினார்.

கனிமொழி ஒரு நாள் முழுக்க அழுதாள். எங்களை ஏம்ப்பா ஏமாத்தினீங்க என்று ஒரு தடவை கேட்டாள், பிறகு என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சாப்பாடு போடும்போது, "அக்காவ வெளிய நிறுத்தி வச்சிட்டு நடக்கற கல்யாணம் எனக்கு வேணாம். ஆனா நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். இப்போதும் தேவைக்குத்தான் பேசுகிறாள். மனது ஆறிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். உன்மேல் அவளுக்குக் கோபமில்லை என்பது மட்டும் நிஜம்.

அம்மாவுக்கும் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தைலம்மாள் ஒன்றும் திட்டவில்லை. மெயில்களைப் படித்துக் காட்டச் சொன்னாள். நான் முடித்ததும், "அந்தப் பாட்டுப் பாடற எடத்துல அவ பக்கத்துல யாராவது ஒக்காருவாங்களா?" என்று கேட்டாள். சைத்தோ அம்மாள் முதல் நாள் மட்டும்தான் வந்தார், அப்புறம் நீ தனியாகத்தான் போனாய் என்று தெரிந்தும், அந்த அம்மாள் கூட இருப்பார் என்றேன். இன்னும் ஒரு பொய். அதை நீ வந்து உண்மையாக்க முடியாது, ஆனால் நீ வந்துவிட்டால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாள்.

வந்துவிடு மாலதி. அங்கே என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வா. வேலையைப் பற்றி இங்கே வந்து யோசிக்கலாம். மீனம்பாக்கத்துக்கு நான் வருகிறேன், பிரிசில்லாவும் வருகிறேன் என்கிறாள். கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இங்கே நீ எந்தப் பாட்டு வேண்டுமானாலும் பாடு, இல்லை கதவைச் சாத்திக்கொண்டு கிட. என்ன ஆச்சு என்று யாரும் கேட்க மாட்டோம்.

வர மனமில்லை என்றாலும் சரி. போனை மட்டும் எடு. பேச வேண்டாம். அப்பாவை மன்னித்தேன் என்று சொல்லவும் வேண்டாம். எடுத்துக் காதில் வைத்திரு, நீ மூச்சு விடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டால் போதும்.

கல்யாணமானதிலிருந்து உனக்கு எழுதும் கடிதங்களில் கடைசி வரியாகத் தீர்க்க சுமங்கலியாக இரு என்று எழுதி வந்தேன். இனி அதில் பாதி போதும்.

தீர்க்காயுளோடு இரு, அம்மா. இருந்தால் போதும்.

உன் அப்பா,
சுப்பிரமணியன்