சாணி வண்டுக்கு விழுந்த கைத்தட்டல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முதுகு மட்டும் தையல் மெஷினோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்று நடந்ததைப் போனில் சொல்ல ஆரம்பித்த உன் அம்மா, சிரித்துச் சிரித்துப் புரையேறி போனை வைத்துவிட்டாள், அதனால் நானே எழுதுகிறேன்.

உன் அண்ணன் மகள் பட்டாணியின் பள்ளியில் பூச்சி நாடகம் போட்டார்கள். எந்தப் பூச்சி இல்லாவிட்டால் உலகம் என்னவாகும் என்று பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று டீச்சரே எழுதியது, உடை தைக்கும் வேலை நம் கடைக்கு. வகுப்பு முழுக்கப் பட்டாம்பூச்சி வேஷம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கவே, சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். நம்மவளுக்கு விழுந்தது சாணி வண்டு! பையன்கள் அங்கேயே சாணி, சாணி என்று கூப்பிட்டுவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள், சாப்பாடும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். வேஷத்தை மாற்றச் சொல்கிறேன் என்று உன் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டான். உன் அண்ணிதான் அவனை உட்காரவைத்துவிட்டு, குழந்தையைப் பால்காரரின் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு வண்டு தலைகீழாக நின்று, தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் மேட்டில் ஏற்றுகிறதாம், உருண்டு விழுகிறதாம், மறுபடி ஏற்றுகிறதாம். மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள் குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறாள். இது சாணியை மண்ணுக்குள் கொண்டுபோய்ப் புதைக்கிறது, அதனால்தான் மண் வளமாகிப் புல் தழைக்கிறது, புல் இருந்தால்தான் மாட்டுக்குத் தீனி, உனக்குப் பால் என்று உன் அண்ணி சொன்னாளாம். திரும்பி வந்தவள் நேரே என் கடைக்குள் நுழைந்து, உருண்டை தன்னைவிடப் பெரியதாக இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டாள். மிச்சத் துணியெல்லாம் திணித்து ஒரு பூதத்தையே தைத்துக் கொடுத்தேன்.

மேடையில் நிஜ வண்டு மாதிரியே கைகளை ஊன்றி, பின்னங்காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? உருண்டை மேடையைத் தாண்டி, முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியை மடியில் போய் விழுந்தது. அவர் நாற்காலியோடு சாய்ந்தார். உன் அண்ணன் முகத்தை மூடிக்கொண்டான். இவள் நிதானமாக இறங்கி வந்து நின்று சொன்னாள்:

"கொஞ்சம் நகருங்க மிஸ், எனக்கு வேலை இருக்கு."

முதலில் சிரித்தது தரையில் கிடந்த தலைமையாசிரியைதான். அப்புறம் கூரை பிய்ந்துபோகும் அளவுக்குக் கைத்தட்டல். பட்டாம்பூச்சிகளெல்லாம் தேனை மறந்து குதித்து ஓடிவந்து உருண்டையைத் தள்ள ஆரம்பித்தன, நான் கண்விழித்துத் தைத்த இறக்கைகள் டர் டர் என்று கிழிந்தன. முதன்முதலில் சாணி என்று கூப்பிட்ட பையன்தான் எல்லோரையும் முந்திக்கொண்டு தள்ளினான். அடுத்த மாதம் மறுபடி நாடகம் போடுகிறார்களாம், பட்டாம்பூச்சியாக ஒரு பிள்ளையும் சம்மதிக்கவில்லை என்று டீச்சர் தலையில் கைவைத்திருக்கிறார்.

எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க, கண்ணு. குளிரில் காதை மூடிக்கொள். முக்கியமான விஷயம், உன் ஊர்ச் சாணி வண்டு என்ன நிறம் என்று பட்டாணி கேட்கிறாள். பார்த்துச் சொல்லாமல் போன் பண்ணினால் அத்தையோடு பேசமாட்டாளாம்.

சிரித்து வயிறு வலிக்கும்
உன் அப்பா