சாகாதவனும் அய்யாவும்

அக்டோபர் 6, திங்கள்

மழை வரும் போல இருந்ததால் மதியமே கருவாட்டை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிட்டோம். பிறகு வேலை இல்லை. கொட்டகைக்குள் உட்கார்ந்து, கூட வேலை பார்க்கும் பானுப்பிரியாவின் போனில் அந்தத் தொடரைப் பார்த்தோம். வெளிநாட்டுக் கதை, தமிழில் பேசுகிறார்கள். நாயகனுக்குச் சாவே கிடையாது. முந்நூறு வருடமாக ஒரே முகம்.

"எங்க மாமனுக்கு முப்பதுலயே சொட்டை விழுந்துருச்சு. இவன் தலைக்கு என்னத்தத் தேய்க்கிறான்னு கேட்டுச் சொல்லுடி ஜாஸ்லின்" என்றாள் பானு என்னைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. சாகாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்.

அக்டோபர் 9

அம்மா கேட்டேவிட்டாள். "இந்தக் கல்லறைத் திருநாளைக்கு ஒன்னப் பெத்த அய்யாவுக்குத் திரி ஏத்திருவோமாடி?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை இருக்கிறது. கடலில் போய்க் கிடைக்காதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவைதான். அதன் அடியில் வீட்டின் மூத்த பிள்ளை மெழுகுதிரி ஏற்றி, பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். அதற்குப் பிறகு அவர் செத்தவர்.

அய்யாவின் வள்ளம் கவிழ்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மற்றவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் அதோடு நின்றது. போன வருடமும் அம்மா கேட்டாள். நான்தான் மாட்டேன் என்றேன். இந்த வீட்டில் பிள்ளை என்றால் நான் ஒருத்திதான்.

அக்டோபர் 10

நான் சொன்னாத்தான் அய்யா செத்தவரா? அப்போ சொல்லவே மாட்டேன்.

அக்டோபர் 15

தொடரில் அவனுடைய மகள் கிழவியாகிச் செத்துப்போனாள். அவன் வாலிபனாகவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் ஊரை மாற்றினான், பேரை மாற்றினான். கடைசியில் ஒரு கோயில் வாசலில் விழுந்து, என்னை விட்டுவிடுங்கள், களைத்துவிட்டேன் என்று அழுதான். பானு மூக்கைச் சிந்தினாள்.

எனக்கு எரிச்சல். "சாகாம இருக்குறதுக்கு ஒருத்தன் அழுவானா?" என்றேன். நான் இத்தனை சத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"ஒரே வேலைய முந்நூறு வருசம் செஞ்சு பாரு. இங்கன ஒரு பொழுதுக்கே இடுப்பு விட்டுப்போகுது" என்றாள் பானு.

அக்டோபர் 17

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

அக்டோபர் 23

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். வள்ளம் எதுவும் போகவில்லை. வாடைக்காற்றில் ஓடு தடதடக்கிறது. இந்தக் குளிரில் அய்யா என்ன செய்வார் என்று நினைத்தேன் —

ஏன் அப்படி நினைத்தேன்?

ஒரு நாள்கூட நான் அவரைக் கரையில் நினைத்ததில்லை. எங்கேயோ பிழைத்துக் கிடக்கிறார், யாரோ சோறு போடுகிறார்கள், அப்படி ஒன்றுமே என் மனசில் வந்ததில்லை. எப்போதும் தண்ணிக்குள்ளதான். நீந்திக்கிட்டே.

அம்மாவிடம் கேட்டேன். "ஒனக்கு அய்யா எப்படிம்மா தெரியுறாரு?"

முறத்தைக் கீழே வைத்தாள். "தண்ணிக்குள்ள கைய வீசிக்கிட்டேதான்டி இருக்காரு. ஓயவே மாட்டேங்குறாரு."

அம்மாவுக்குமா.

ரெண்டு வருசமா நான் அவரச் சாகவும் விடல. கரையேறவும் விடல.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அம்மாவிடம் சரி என்றேன். "எதுக்குடி சரி?" என்றாள். பிறகு புரிந்துகொண்டு என் கையைப் பிடித்தாள். வீடு வரைக்கும் விடவில்லை.

நவம்பர் 2

பெரிய சிலுவையின் அடியில் திரி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. அம்மா முந்தானையை விரித்து மறைத்தாள். சாமியார் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அய்யாவின் பேரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. பெற்றவர் பேரை யார் சொல்வார்கள். பின்னாலிருந்து ஜோஸ்வா மாமா, அய்யாவோடு அன்றைக்கு வள்ளத்தில் போனவர், "சொல்லு தாயி, மெதுவாச் சொல்லு" என்றார்.

"சூசைமுத்து."

அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

நவம்பர் 4

அய்யா எந்நேரம் வந்தாலும் தட்ட வேண்டாம் என்று இத்தனை நாளும் கதவை வெறுமனே சாத்தித்தான் வைப்போம். இன்று படுக்கும் முன்பு அம்மா போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, அசையவில்லை. நான் எழுந்து தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன்.