காவலுக்கு ஆள் இல்லை

ஜனவரி 20, செவ்வாய்

கடும் பனி. எட்டு மணிக்கும் எதிர் வீடு தெரியவில்லை. தொண்டை கட்டல்.

சம்பா அறுப்பு நின்று பத்து நாள். அறுப்பு ஆட்கள் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். அடிதடி, கைது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு தடவை சப்-ஜெயிலுக்கு ஒரு நர்ஸ் போக வேண்டும். இந்த மாதம் என் முறை.

பன்னிரண்டு பேருக்கான அறையில் நாற்பது பேராவது இருப்பார்கள். சிரங்கு, இருமல், வயிற்றுப்போக்கு. மூலையில் முத்தையன், அறுப்புக் கூலி ஆள். லத்தி அடியில் இடது கணுக்காலுக்கு மேல் பிளந்த புண். கட்டியிருந்தது தன் வேட்டிக் கிழிசலால். பிரித்தால் சீழ். விரல்களின் நிறம் சரியில்லை. கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "நர்சம்மா, நீங்க வேதக்காரங்களா?" என்றான். கழுத்துச் சிலுவையைப் பார்த்திருப்பான். ஆமாம் என்றேன்.

டாக்டரிடம் சொன்னேன், உடனே அட்மிட் பண்ணணும் என்று. பார்க்கலாம் என்றார்.

22, வியாழன்

அட்மிட் ஆனது மிராசுதார். (மி. என்றே எழுதுகிறேன். யார் கண்ணிலாவது பட்டால்?) அதே அடிதடியில் அவரும் கைது. நெஞ்சுவலியாம். தனி அறை, ஃபேன், வீட்டுச் சாப்பாடு.

பி.பி. பார்த்தேன். 120/80. நாடி என்னுடையதைவிட ஒழுங்கு. டாக்டர் குரலைத் தாழ்த்தி, 180/110 என்று போட்டுடுங்க சிஸ்டர் என்றார். போட்டேன். எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் உறுத்துகிறது.

முத்தையனைப் பற்றி மறுபடி கேட்டேன். கைதியை வார்டில் வைக்க இரண்டு போலீஸ் காவல் வேண்டும், ஸ்டேஷனில் ஆள் இல்லை என்றார். இருந்த இரண்டு பேரும் மி. அறை வாசலில் ஸ்டூல் போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சோப்பு, இன்லண்ட் கவர்.

25, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. பிரசங்கம் சிறைப்பட்டோரைச் சந்திப்பது பற்றி. முடிந்ததும் மாதா சபைப் பெண்களோடு சாமியாரும் ஜெயிலுக்கு. ஆளுக்கு ஒரு பன், ஒரு மாதா படம். நானும் போனேன்.

முத்தையனுக்கு நல்ல காய்ச்சல். பன் அப்படியே கையில். நாற்றம் தாங்காமல் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். சாமியாரிடம் காலைக் காட்டினேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டர் கேட்பார் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது கூலித் தகராறும்மா. கோயில் தலையிட்ட மாதிரி ஆயிடும். ஜெபிப்போம்."

ஜெபத்துக்குக் காவல் வேண்டாம், ஆர்டர் வேண்டாம். கோயில் மணிக்கூண்டு யார் உபயம் என்பது ஊருக்கே தெரியும்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. அவர் வாயைத் திறக்கவில்லை. நான் எழுதியே கொடுத்தேன்.

26, திங்கள்

குடியரசு நாள். கொடி, மிட்டாய். கறுப்பு சிவப்புக் கரை வேட்டியில் ஒருவர் இது ஏழைகளின் ஆட்சி என்று பேசினார். இறங்கியதும் நேரே மி. அறைக்குப் போய் நலம் விசாரித்தார்.

பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு டாக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"முத்தையனை இன்னிக்கே அனுப்பலைன்னா, அந்த சார்ட்ல இருக்கறது பொய்னு மாஜிஸ்திரேட்டுக்கு எழுதப் போறேன் சார். எழுதினது நான்தானே."

வேலை போயிடும் என்றார். தெரியும் என்றேன். அரை மணி நேரத்தில் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு டாக்டரின் கடிதம் ரெடி. மி. வாசலில் இருந்த இரண்டு போலீஸும் எழுந்து வந்தார்கள். முத்தையனை வேனில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பினோம்.

இதையே வியாழக்கிழமை சொல்லியிருக்கலாம். நாலு நாள்.

28, புதன்

லீவு போட்டுத் தஞ்சாவூர். பஸ்ஸில் நின்றபடியே. வழியெல்லாம் அறுக்காத வயல், கதிர் சாய்ந்து.

காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. எடுத்த கால் பழைய கட்டுத் துணிகளோடு ஆஸ்பத்திரி எரிகுழிக்குப் போயிருக்கும். மிச்சமிருக்கும் காலில் விலங்கு, கட்டிலோடு சேர்த்து. ஒற்றைக் காலோடு எங்கே ஓடுவார் என்று காவல் போலீஸைக் கேட்டேன். ரூல் என்றான்.

முத்தையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இத்தனை நாளும் அவன் என்றே எழுதியிருக்கிறேன்.

30, வெள்ளி

மாற்றல் உத்தரவு. பேராவூரணி, திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். மி. ஜாமீனில் வீட்டுக்குப் போயாச்சு, காரில்.

சாயங்காலம் முத்தையன் பெண்சாதி அஞ்சம்மாள் தேடிக்கொண்டு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், தரையில்தான் உட்கார்ந்தாள். உங்களாலதான் உசுரு தங்குச்சு என்றாள். தாங்க முடியவில்லை. பொய் பி.பி., நாலு நாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்னாலேயே பேசியிருந்தால் கால் இருந்திருக்கும் என்றும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து போகும்போது கேட்டாள்:

"வெட்டுன காலை எங்கம்மா போட்டாங்க? ஒரு புடி மண்ணாச்சும் போடணும்."

தெரியாது என்றேன்.

தெரியும்.