ரயில் நிலையத்துப் பேக்கரி

லைப்சிக், 2003 ஒக்டோபர், வெள்ளி இரவு

இன்று என் முதலாளி கத்ரின் ரயில் நிலையத்தில் புதுப் பேக்கரி திறந்தார். அந்த இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் அவருடைய சிநேகிதி சபீனே. கம்யூனிச ஆட்சியில் இருவரும் ஒரே நூலாலையில் வேலை செய்தவர்கள். கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்தபின் ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது இருவருக்கும் பணக்காரராக வேண்டும்.

காலையில் போறணை அடுப்பு சூடாகவே இல்லை. வாசலில் சனம் நின்றது. செய்தி கேட்டுச் சபீனே வந்தார். சிரிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ தன் கடையில் சுட்ட பாண் முழுவதையும் வான் வண்டியிலிருந்து இறக்கினார்.

"இண்டைக்கு இதை வித்துப்போடு. நாளைக்கு உன்ரை வாடிக்கைக்காரரை நான் பிடிப்பன்."

"ஏலுமெண்டால் பிடி," என்றார் கத்ரின். பாணை வாங்கித் தட்டில் அடுக்கினார்.

நானும் சொந்தமாகக் கடை போட நினைத்திருப்பதை இவ்வளவு நாளும் கத்ரினிடம் மறைத்து வந்தேன். இவர்கள் நேருக்கு நேர் போட்டியிடுவதைப் பார்த்தபின் மறைக்க மனமில்லை; நாளை காலை சொல்லிவிடுவேன்.