கழுத்து வரை வந்த படம்

மகள் பாடம் படித்த டேப்பின் உறையை அவிழ்த்ததும் உன் வாசனை வந்தது. பழைய நைட்டித் துணியில் நீ தைத்த உறை. சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த கையோடு தைத்திருப்பாய் போல. இத்தனை நாள் பீரோவில் கிடந்தும் எலுமிச்சை சோப்பு மணக்கிறது. பஞ்சர் கடைக்காரன் வீட்டில் ஒரு பொருளாவது மணக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனாயா?

உறை நன்றாக இருந்தது. டேப்தான் முதுகு உப்பிப் பூரி மாதிரி ஆகியிருந்தது. பாகூரில் போன் ரிப்பேர் செய்பவரிடம் காட்டினேன்.

“பேட்டரி உப்பிடுச்சிண்ணே. இன்னிக்கோ நாளைக்கோ போயிடும். உள்ள போட்டோ கீட்டோ இருந்தா மொதல்ல எடுத்துக்கங்க.”

எனக்கு வேண்டியது ஒரே ஒரு போட்டோ. உன் வருஷத் தெவசம் வருகிறது. படையலுக்கு முன்னால் உன்னை வைக்க வேண்டும். ‘அதான் செவுத்துல ஒரு படம் கீதே’ என்பாய். இருக்கிறது. அது உன் அண்ணன் மாட்டிய படம்.

வில்லியனூரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் உன் அண்ணன், நீ என்னோடு கிளம்பிய அன்றைக்கு என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? “கழுத்துல காதுல கீறதெல்லாம் கழட்டி வச்சிட்டுப் போடி.” நீயும் கழற்றி வைத்தாய், கம்மல் திருகாணி வரைக்கும். அதற்குப் பிறகு அவர் நம் வாசலை மிதித்தது, காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காமலே போன அன்றைக்குத்தான். வந்தவர் வெறும் மாலையோடு வரவில்லை. ஊர் முக்கில் பேனர் கட்டிவிட்டு வந்தார்.

பேனரில் நீ பட்டுப்புடவை கட்டியிருந்தாய். ஆரம், நெக்லஸ், ஜிமிக்கி எல்லாம் போட்டிருந்தாய். கம்பெனி அடையாள அட்டையில் இருந்த உன் தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் உடம்பில் ஒட்டியிருந்தான் ஸ்டூடியோக்காரன். பக்கத்தில் உன் அண்ணன் கைகூப்பியபடி, உன்னைவிடப் பெரிதாக. நான் ஒரு மூலையில் தபால் தலை அளவுக்கு. அது பரவாயில்லை, என் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி. உயிரோடு இருந்தவளிடம் கழற்றி வாங்கியதை, செத்தவளுக்குக் கம்ப்யூட்டரில் திருப்பிக் கொடுத்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதே படத்தை ஃபிரேம் போட்டு நடுச்சுவரில் அவரே ஆணி அடித்து மாட்டினார். “சுமங்கலியா போனவ. வெறுங்கழுத்தா நிக்கக்கூடாது” என்றார். வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் சேர்ந்து ஆட்டினேன்.

மழைக்காலத்தில் அவர் கடைப்பக்கம் போக வேண்டியிருந்தது. பின்கட்டில் சிமெண்டு மூட்டைகளின் மேல் ஒரு பேனரைப் போர்த்தியிருந்தார்கள். ஓரத்தில் ஜிமிக்கி தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன். நீதான்.

கடை ஆள் சொன்னான்: “பழசுண்ணே. வேணும்னா எடுத்துக்கோ, நாங்க வேற ஷீட்டு போட்டுக்குறோம்.”

எதை எடுத்துவருவது? நகை உன்னுடையது இல்லை, புடவை உன்னுடையது இல்லை, உடம்பும் உன்னுடையது இல்லை. ஆனால் முகம்? முகம் நனையாதபடி அந்தப் பக்கத்தை மட்டும் உள்ளே மடித்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் இந்த டேப்பைத் தேடியது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளேயே நடந்த காலத்தில் மகளுக்காக நீ வாங்கியது. அதற்குள்தான் அந்தப் படம் இருக்கிறது. உன் கம்பெனித் தொப்பியை நான் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தேனே, அன்றைக்கு மகள் எடுத்தது. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த நீ, “யோவ், கழட்டுய்யா! அப்பிடியே எங்க சூப்பர்வைசர் மாதிரி கீற” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மகள் விடுதியிலிருந்து வந்தாள். நர்சிங் இரண்டாம் வருஷம் இப்போது. நெட்டு பிடிப்பதை டேப் எப்போதோ நிறுத்திவிட்டதால், ஒயர் போட்டு நம் பழைய கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டும் என்றாள். கம்பெனியில் கழித்ததை நீ பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாயே, அதே பெட்டி. “இதுவும் உன்ன மாதிரிதான்யா, ஆன் பண்ணா அரை மணி கழிச்சித்தான் முழிக்கும்” என்று சொன்னாய். இன்னும் அப்படித்தான் இருக்கிறோம், இரண்டு பேரும்.

“டேப்ல இன்னா வந்திருக்கு பாருப்பா.”

“சார்ஜ் ஆவுதுன்னு போட்டுக்கீது.”

“அது மேல தொடு.”

“ஷாக் கீக் அடிக்காதே?”

“அய்யோ, அம்மா எப்பிடித்தான் உன்ன வச்சி மேச்சாளோ!”

தொட்டேன். ‘படம் மாற்றவா’ என்பது போல என்னவோ கேட்டது, அதையும் தொட்டேன். கம்ப்யூட்டரில் டேப் திறந்துகொண்டது. “அம்மா போட்டோவ மட்டும் தேடி எடு, நான் சோறு வடிச்சிட்டு வந்துடறேன்” என்று மகள் உள்ளே போனாள். ஆசை யாரை விட்டது? எல்லாவற்றிலும் நீ இருப்பாய் என்று நினைத்து மொத்தத்தையும் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

முதலில் வந்ததெல்லாம் வீட்டுப்பாடம். மகள் எழுதிய நோட்டை நீ படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பியது. கணக்கு, கணக்கு, தமிழ், கணக்கு. பக்கம் பறக்காமல் இருக்க, ஓரத்தில் உன் விரல் அமுக்கிப் பிடித்திருந்தது. சோப்புக் காரத்தில் தோல் வெடித்த விரல். மோதிரம் இல்லாத விரல். உன் அண்ணன் வீட்டு ஸ்டூடியோக்காரன் பார்த்திருந்தால் அதற்கும் ஒன்று மாட்டியிருப்பான்.

கடைசியாக அந்தப் படத்தின் பெயர் திரையில் வந்த நேரம், டேப் அணைந்தது. எத்தனை அமுக்கியும் எழுந்திருக்கவில்லை. மகள் ஓடிவந்தாள். ஏறியதைத் திறந்து பார்த்தாள். படம் இருந்தது. முக்கால்வாசிக்கு வெறும் சாம்பல் நிறம். மேலே மட்டும் நீ. நெற்றி, மூடிய கண், பல்லெல்லாம் தெரியும் அந்தச் சிரிப்பு. தாடையோடு நின்றுவிட்டது.

“எல்லாத்தையும் போட்டுட்டியாப்பா?” என்று கேட்டாள். அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரிண்டு போடப் போன இடத்தில் வேறொரு ஸ்டூடியோக்காரன் உற்சாகமாகிவிட்டான். “கவலய வுடுண்ணே. கீழ ஒரு பட்டுச்சேலய வச்சி, ரெண்டு ஆரத்தப் போட்டு ஒட்டிடலாம். தெரியவே தெரியாது.”

“ஒண்ணும் ஒட்டாத. இருக்கற மாதிரியே குடு.”

தெவசத்தன்று உன் அண்ணன் மாட்டிய படத்தோடு உன் அண்ணனையும் இறக்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் படையல் முன்னால் வந்து நின்றார். சாம்பல் நிறத்தைப் பார்த்தார். சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தார்.

“இன்னாப்பா இது கூத்து? கழுத்தே இல்லாம வச்சிக்கீற?”

நான் குனிந்து கற்பூரத்தைத் தேடினேன். இலை போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிரக்கூட இல்லை.

“கழுத்துல இருந்தது உங்க வூட்ல கீது மாமா. அதான் இங்க வரல.”

உன் குரல். சத்தியமாக உன் குரல்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் போட்ட இலையில் வடை ஆறிக் கிடந்தது. அதை நான்தான் சாப்பிட்டேன். உப்பு சரியாகவே இருந்தது.

அவர் கொடுத்த படத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறேன். நகை யாருடையதாக இருந்தாலும் முகம் உன்னுடையதாயிற்றே.

அந்த ஆணியில் இப்போது பாதிப் படம்தான் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள், கீழே ஏன் வெறுமையாக இருக்கிறது என்று. டேப் செத்துப்போச்சு என்கிறேன். ஆனால் அங்கே என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். மஞ்சக்கயிறு, அதில் இரண்டு குண்டு. பொத்தான் போன இடத்தில் ஊக்கு குத்திய கம்பெனிக் கோட்டு. மடி நிறைய வேர்க்கடலைத் தோல். என்னைச் சுட்டிக்காட்டி நீட்டியிருக்கும் வலது கை.

மேல்பாதி சுவரில் இருக்கிறது. கீழ்பாதியை நான் வைத்திருக்கிறேன்.