அடிப்பிடித்த பால்

இன்று காலை அடுப்பில் பால் அடிப்பிடித்துவிட்டது. கன்னியாஸ்திரிகளிடம் சமையல் படித்தவள் நான். என் சமையலறையில் இப்படி நடப்பதில்லை. ருமேனியாவிலிருந்து உன் மகன் அனுப்பிய உன் பாத்திரம்தான் காரணம். அதன் அடியில் ஏற்கனவே ஒரு கறை.

ஒஸ்லோ மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பின் ஒரு முனையை நீயும் மறுமுனையை நானும் பிடித்து மடித்த காலத்தில் நாம் சமமாக இருந்தோம். உங்கள் பிரபுக் குடும்பத்து மாளிகையைக் கம்யூனிச அரசு பறித்துத் தானியக் களஞ்சியமாக்கியிருந்தது. எனக்குச் சீதனமாக எழுதிய யாழ்ப்பாணத்து வீடு இராணுவ வேலிக்குள் கிடந்தது.

"என் வீட்டில் பதினான்கு யன்னல்" என்பாய்.

"என் கிணறு கோடையிலும் வற்றாது" என்பேன்.

அந்த ஆட்சி விழுந்த பின்னும் உன் வழக்கு இழுபட்டது. கடைசியில் வென்றாய். கூரை போட்டாய். களஞ்சியக்காரர் அடித்த சுண்ணாம்பைச் சுரண்டி, பழைய சுவர்ப்பூக்களை வெளியே கொண்டுவந்தாய். ஒவ்வொரு படமும் என் கைப்பேசிக்கு வந்தது. அழகு என்று எழுதுவேன். மூன்றாவது யன்னல் கோணல் என்றும் சேர்ப்பேன்.

குடிபுகும் நாளுக்கு என்னை அழைத்தாய். "நீங்கள் தமிழர் புது வீட்டில் பால் பொங்க வைப்பீர்களே, வந்து எனக்கும் பொங்க வை."

"எங்கள் வழக்கத்தில் விதவை அடுப்பருகே போகக் கூடாது" என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா செத்தாப்பிறகு நடந்த என்ரை கலியாணத்திலை ஐயரையே அதட்டிப்போட்டு முதல் ஆளா ஆராத்தி எடுத்தனீங்கள். இப்ப என்ன விதவைக் கதை?"

"உனக்கு விளங்காது."

"நல்லா விளங்குதம்மா. எரிச்சல்."

ஓம், எரிச்சல்தான்.

பாத்திரத்தோடு உன் மகனின் கடிதமும் வந்தது. நீயும் விதவை என்பதை நான் யோசிக்கவேயில்லை. நான் சொன்னதை நம்பி, வாழ்நாளெல்லாம் காத்திருந்த வீட்டில் அடுப்பருகே போகாமல் நீ வாசலிலேயே நின்றாயாம். பழக்கமில்லாத மருமகள் காய்ச்சிய பால் அடிப்பிடித்ததாம். "பாத்திரத்தை அவளிடம் கொடு. அவள் வீடு கிடைக்கும் நாளுக்கு" என்றாயாம்.

இன்று நானே அடுப்பருகே நின்றேன், உன் வீட்டுக்காக. பால் பொங்கி வழிந்தது. வழிந்த பின்பும் அணைக்கத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

என் வீடு இன்னும் வேலிக்குள்தான். உன் பதினான்கு யன்னல்கள் மேல் எனக்குள்ள பொறாமை தீரவில்லை. தீருமென்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஒரு பொய் போதும். அதைக்கொண்டுதான் உன்னை உன் வாசலிலேயே நிறுத்திவைத்தேன்.