ஒன்றுக்குப் பின் பத்து

ஜூன் 3, செவ்வாய்

அக்கா இன்று "வா" என்றாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் சொல். என்னைத்தான் கூப்பிட்டாள் என்று நான் சொல்ல, தன் பெண்டாட்டி தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று மாமா சொல்ல, பக்கவாதத்தில் படுத்திருப்பவள் முன்னால் இருவரும் சின்னப் பிள்ளைகள் போலச் சண்டை போட்டோம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பயிற்சியாளர் அம்மா சொன்னது: "அவங்களுக்கு எல்லாம் புரியுது. சொல்லுதான் வாய்க்கு வர மாட்டேங்குது. சுலபமானதுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும். தடுக்குற இடத்துல நிறுத்திடுங்க."

அதற்கு வாக்கியங்கள் வேண்டுமாம், அக்கா அன்றாடம் பேசியவை. அதற்கா பஞ்சம்! வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள்; தையல் மிஷின் சத்தத்தை மீறித் தெருமுனை வரைக்கும் கேட்ட வாய் அது.

ஜூன் 6, வெள்ளி

மாமா சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டினேன். வரிக்கு ஒரு வாக்கியம். "ஊசியில நூல் கோத்துக் குடு." "அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களா?" "நாளைக்குத் தர்றேன், சத்தியமா." இந்தக் கடைசி வரியை நம்பி எத்தனை பேர் நடையாய் நடந்திருப்பார்கள்! மாமா வாயில்லாப் பூச்சி. ஆனால் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார், ஏற்ற இறக்கத்தோடு.

"'என் கத்தரிக்கோலை யாரு எடுத்தது?' — இதையும் போடு. தினமும் கேப்பா."

போட்டேன். கத்தரிக்கோல் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் எடுத்து எங்காவது வெட்டிக்கொண்டால்? அவள் மருத்துவமனையில் இருந்தபோதே சுவரில் அதன் ஆணியிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். மாமாவுக்கும் தெரியும். அவளுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

பயிற்சி அம்மா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண் போட்டுக் கொடுத்தார். 1 என்றால் மிகச் சுலபம், 12 என்றால் மிகக் கடினம். "வா" 1. "பால் குடு" 2. கத்தரிக்கோல் 10.

வரிகள் முன்பின்னாகக் கிடந்தன. ஆபீசில் நான் நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே — கருப்புத் திரையில் வரிசைப்படுத்தச் சொல்லி "சார்ட்" என்று கட்டளை கொடுத்தால் கண்ணிமைப்பதற்குள் கோப்பில் உள்ள வரிகள் எல்லாம் ஒழுங்காக நின்றுவிடும். எண்ணின் மதிப்பைப் பார்த்து நிறுத்தக் கூடவே "மைனஸ் என்" (-n) போட வேண்டும். போட்டேன். நின்றன.

அடங்காத அந்த வாய் பேசியதெல்லாம் இப்படிக் கைகட்டி வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாம் எண்ணைத் தாண்டவில்லை. "பால்" என்று காட்டினால் முகத்தைத் திருப்புகிறாள். பயிற்சி அம்மா கொண்டு வந்த "பூனை" என்ற தாளை இடது கையால் தட்டிவிட்டாள்.

பயிற்சி அம்மா வாசலில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார்: "முடியாமப் போறது வேற. வேணாம்னு விட்டுடறது வேற. இவங்க விட்டுடறாங்க. ஆரம்ப மாசங்கள்ல விட்டா அப்புறம் திரும்பறது கஷ்டம்."

எனக்குப் பயமா இருக்கு. அவ குரல் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்ச நாள்ல எனக்கே மறந்துருமோ? மத்தியானம் ஆனா போன் பண்ணித் தொணதொணப்பா. எத்தனை தடவை எரிஞ்சு விழுந்து வச்சிருக்கேன். இப்ப அந்த நேரத்துக்குப் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

ஜூன் 23, திங்கள்

புதிதாகச் சில வரிகள் சேர்த்து, மறுபடி வரிசைப்படுத்தி, பெரிய எழுத்தில் அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தேன். நாளை எனக்கு ஆபீசில் தலைக்கு மேல் வேலை. அவரே படித்துக் காட்டுவார்.

ஜூன் 24, செவ்வாய்

மாமா போன் செய்தார். அவருக்கே பேச்சு வரவில்லை.

"சொல்லிட்டாடா! முழுசா! 'என்... கத்தரிக்கோலை... யாரு... எடுத்தது'ன்னு!"

பத்தாம் எண்ணா? அதற்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். "நீ குடுத்த தாள்ல 'வா'வுக்கு அடுத்து அதுதானேடா இருந்துச்சு" என்றார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். முதலில் 1, பிறகு 10, 11, 12. அதற்கும் பிறகுதான் 2. ஆபீசில் எனக்குப் புதுக் கணினி கொடுத்திருக்கிறார்கள். பழையதில் மேல் அம்புக்குறியைத் தட்டினாலே முந்தைய கட்டளை வந்து நிற்கும். இதில் கையால் தட்டினேன். "மைனஸ் என்"னை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் கணினிக்கு 10 பத்து இல்லை. ஒன்றில் தொடங்குகிற ஏதோ எழுத்து, அவ்வளவுதான். ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே திட்டு வாங்கித் திருத்திக்கொண்ட தப்பு! இத்தனை வருஷம் கழித்து, அதுவும் அக்கா விஷயத்திலா?

மாமா மேலும் சொன்னார்: "நான் கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரங்களக் கூப்பிட்டேன். அவ என்னடான்னா கோவிச்சுக்கிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிட்டா. ஏன்டா?"

நாளைக்கு வருகிறேன் என்றேன்.

ஜூன் 25, புதன்

விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அக்கா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன். வெறும் ஆணி.

அட மடையா. அவள் பாடம் ஒப்பிக்கவில்லை. கேட்டிருக்கிறாள்! இத்தனை நாளாகக் கேட்கத் தவித்ததை வாயிலிருந்து கட்டி இழுத்து வெளியே கொண்டு வந்திருக்கிறாள். நாங்கள் கை தட்டியிருக்கிறோம். பதில் சொல்லவில்லை.

"நான்தான்க்கா எடுத்தேன். எங்க வீட்டுல இருக்கு. வெட்டிக்குவியோன்னு பயந்துட்டேன்."

கிட்ட வா என்று விரலால் கூப்பிட்டாள். குனிந்தேன். நறுக்கென்று ஒரு குட்டு! குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் படவேண்டும் என்பார்கள். மோதிரம் வலது கையில் கிடக்கிறது, குட்டியது இடது கை. பரவாயில்லை, வலித்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். மாமா கதவருகில் நின்று மூக்கைச் சிந்தினார்.

ஜூன் 27, வெள்ளி

பயிற்சி அம்மாவிடம் நடந்த தப்பைச் சொன்னேன். திட்டுவார் என்றிருந்தேன். தாளை வாங்கிப் பார்த்தார்.

"எது கஷ்டம்னு எண் போட்டது நான். அவங்களுக்கு எது வேணும்னு நான் கேக்கவே இல்ல. பூனை இவங்களுக்கு எதுக்கு?" என்றவர், கிளம்பும்போது சொன்னார்: "கத்தரிக்கோலைக் குடுத்துடுங்க. யாராவது பக்கத்துல இருந்தாப் போதும்."

அக்காவிடம் நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன்.

ஜூலை 2, புதன்

இரண்டு முறை அலமாரியைத் திறந்து, கூர் பார்த்து, திரும்ப வைத்துவிட்டேன். சாணை பிடிக்கக் கொடுத்திருப்பதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மனசு வரவில்லை. அவளுக்கு ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானம் ஆபீசில் போன் அடித்தது. அக்காவின் எண். மாமாதான் என்று நினைத்து எடுத்தேன்.

மூச்சுச் சத்தம் மட்டும். முகம் தெரியாமல் போனில் பேசுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்று பயிற்சி அம்மா சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

"கத்தரி... எப்ப?"

"நாளைக்குத் தர்றேன்க்கா, சத்தியமா."

அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊருக்கே சொன்ன வரி என் வாயில் வந்துவிட்டதே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து, தடங்கல் இல்லாமல், பழைய குரலிலேயே வந்தது:

"பொய்!"

வைத்துவிட்டாள்.

கோப்பைத் திறந்து தேடிப் பார்த்தேன். அந்தச் சொல் அதில் எங்கும் இல்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் எண் போடவில்லை. கடைசி வரியாகச் சேர்த்தேன். வரிசைப்படுத்தவில்லை.

கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன். இதோ கிளம்புகிறேன்.